ஒரு காயமும் இரண்டு உதவிகளும்

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் திண்டிவனமும் விழுப்புரமும். திண்டிவனத்தில் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் சாலைகள் பிரிகின்றன. விழுப்புரமோ பல இருப்புப் பாதைகள் கூடும் பெரிய சந்திப்பு. போக்குவரத்து மிகுந்த இடத்தில் விபத்துக்களும் நேர்வது இயல்பு. விபத்தில் உறுப்பிழந்தோர் நஷ்ட ஈடு கோரி நீதிமன்றத்தின் படியேறுவதை இவ்வூர்களில் நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஒருநாள் விழுப்புரத்து நீதிமன்ற வாயிலில், திண்டிவனத்தை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் என்னிடம் பேச நேர்ந்தது. அவர் கணவர் கொத்தனார். சைக்கிளில் வேலைக்குச் சென்றபோது லாரி மோதி ஒரு பாதத்தை இழந்துவிட்டார். வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஆயினும் அம்மையாரின் கவலை வேறு. கணவரின் வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் விபத்து இன்ஷூரன்ஸுக்காகப் பிடிக்கப்பட்டு வந்தது. “அந்தப் பணத்தை வாங்கினால் கேஸில் வரவேண்டிய பணம் குறைந்துபோகும் என்கிறார்கள், ஐயா. அதனால் சீட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்” என்றார். அவர் பூட்டிய அந்தப் பெட்டியே இன்று இப்பொருள் பற்றி நான் பேசுவதற்குக் காரணம்.

ஒருவர் தாமே பிரீமியம் கட்டிச் சேர்த்த பணம், சட்டம் அவருக்கு அளிக்கும் உரிமைப் பணத்தைக் குறைக்குமா? இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஆனால் கையில் வரும் ஒவ்வொரு தொகையையும் நோக்கி, ‘இது எதற்காக வந்தது? இதற்கு விலை கொடுத்தவர் யார்?’ என்று வினவினால் விடை எளிதில் புலப்படும்.

முதலில், பிறர் தவற்றால் விளைந்த காயத்தை எடுத்துக்கொள்வோம். 1874 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. ரயில்வேக் கம்பெனியின் கவனக் குறைவால் காயமுற்ற பிராட்பர்ன் என்பவர், தாம் எடுத்திருந்த விபத்து இன்ஷூரன்ஸிலிருந்து 31 பவுன் பெற்றிருந்தார். அதனைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று கம்பெனி வாதாடியது. நீதிமன்றம் அதற்கு இசையவில்லை. அப்பணம் அவர் செய்த ஒப்பந்தத்தால் வந்தது. கம்பெனியின் தவற்றை ஈடுசெய்ய வந்ததன்று.

இதனை நம் ஊர் வழக்கில் இப்படிச் சொல்லலாம். ஒருவர் குதிரில் நெல் சேர்த்து வைத்திருக்கிறார். அடுத்தவர் மாடு அவர் வயலை மேய்ந்து அழித்துவிடுகிறது. “உன் குதிரில்தான் நெல் இருக்கிறதே, நான் ஏன் தரவேண்டும்?” என்று மாட்டுக்காரர் கேட்பது முறையாகுமா? சிக்கனமாய் வாழ்ந்தவரின் சேமிப்பு, தவறு செய்தவருக்குத் தள்ளுபடியாகிவிடக் கூடாதல்லவா?

நம் நாட்டின் உச்ச நீதிமன்றமும் 1998 இல் ஹெலன் ரெபெல்லோ வழக்கில், மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டிலிருந்து ஆயுள் இன்ஷூரன்ஸ் தொகையைக் கழிக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. இறந்தவர் கட்டிய பிரீமியத்தின் பயனே அது என்பது காரணம். 2018 இல் மற்றொரு வழக்கிலும் இந்நெறியை உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. ஆனால் 1998 தீர்ப்பிலேயே ஒரு நுட்பம் உண்டு. முதலாளி தம் செலவில் தொழிலாளியை விபத்துக்காக இன்ஷூர் செய்திருந்தால், அத்தொகை கழிக்கப்படக்கூடும் என்று நீதிமன்றம் குறித்தது. பிரீமியம் கட்டியவர் யார் என்ற வினா ஏன் முக்கியம் என்பது இப்பொழுது விளங்கும்.

இரண்டாவதாக, ஒரே காயத்துக்குச் சட்டமே இரு வழிகளைத் திறந்துவிடும் இடம். வேலையின்போது மோட்டார் விபத்தில் காயமுற்ற தொழிலாளி, 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, தொழிலாளர் நஷ்ட ஈட்டு வழியையோ மோட்டார் விபத்து வழியையோ தேர்ந்துகொள்ளலாம்; இரண்டையும் பெற முடியாது. தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் திட்டத்தை வகுத்த 1948 ஆம் ஆண்டுச் சட்டமும் இத்தகைய தடையை விதித்தது. அத்திட்டத்தில் ஊன உதவி பெறுபவர் அதே காயத்துக்காக முதலாளி மீது தனியே வழக்குத் தொடர இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1997 இல் தீர்ப்பளித்தது. இங்கே இரு தொகைகளும் ஒரே பள்ளத்தை நிரப்ப வருபவை. ஆதலால் ஒன்றே போதும் என்கிறது சட்டம்.

மூன்றாவது, வறுமை கருதித் தரப்படும் உதவி. 2009 இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியம், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களில் கடும் ஊனம் உடையோருக்கு உரியது. இவ்வகை உதவியில் வேறு வருமானம் எவ்வழியில் வந்தாலும் கணக்கில் சேரக்கூடும். பிரிட்டனில் வருமானம் பார்த்துத் தரப்படும் யுனிவர்சல் கிரெடிட் என்னும் உதவியில், நோயாலோ விபத்தாலோ இழந்த வருமானத்துக்கு ஈடாக இன்ஷூரன்ஸ் கம்பெனி தரும் பணம் வருமானமாகவே கொள்ளப்பட்டு, உதவித் தொகை குறைக்கப்படுகிறது. அங்கே அரசு கேட்பது ‘தவறு யாருடையது?’ என்பதன்று, ‘இன்று உம் அடுப்பெரிய என்ன இருக்கிறது?’ என்பதே.

ஆக, தவறு செய்தவர் தரும் ஈடு, முதலாளியின் பொறுப்பு, வறியோர்க்கு அரசு நீட்டும் கை ஆகிய மூன்றும் வெவ்வேறு. ஒன்றின் விதியை மற்றொன்றில் பொருத்திப் பார்ப்பதால்தான் அந்த அம்மையார் போன்றோர் அஞ்சுகின்றனர்.

அவர் வீட்டிலிருந்த சீட்டு 2015 இல் தொடங்கிய பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்துக்கு உரியது. ஒரு பாதத்தை அறவே இழந்தவருக்கு அதில் 1 லட்சம் ரூபாய் கிடைக்கும். பிரீமியம் கணவரின் கணக்கிலிருந்தே சென்றது. ஆகவே லாரிக்காரர் தரவேண்டிய ஈட்டை அது குறைப்பது நியாயமன்று என்று அவருக்கு எடுத்துரைத்தேன். நாள் கடத்தாமல் வங்கிக்குச் செல்லுமாறும், தம் வக்கீலிடம் எதையும் மறைக்காமல் கூறுமாறும் சொன்னேன். மறைத்த உண்மை பின்னர் வெளிப்படின், நேர்மையான கோரிக்கையும் ஐயத்துக்கு இடமாகிவிடும்.

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இத்தகைய சீட்டுக்கள் இருக்கக்கூடும். பெற்றோர் அவற்றைப் படிக்காமலே வைத்திருக்கலாம். ஒரு மாலைப் பொழுதில் அவற்றை எடுத்து, யார் பிரீமியம் கட்டினார், எதற்காகப் பணம் வரும், எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் கற்ற எழுத்தால் உங்கள் குடும்பத்துக்கு ஆகும் பயன்களுள் இதுவும் ஒன்று.