கைமாறும் மருந்துச் சீட்டு

காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, வேலூர் ஐடா ஸ்கடர் சாலைக்குள் நுழைந்தால் கடைப் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்க எழுத்தும் தெரியும். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணிதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் அதைத் தேடி வருகிறார்கள். அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் ஆம்பூர். அதைத் தாண்டினால் வாணியம்பாடி. தோல், காலணித் தொழிற்சாலைகளை நம்பி வாழும் இந்த ஊர்களில் ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் உருது, அதற்கடுத்த வீட்டில் தெலுங்கு.

வெளியூர் நோயாளியானாலும் உள்ளூர்த் தொழிலாளியானாலும், எல்லோர் கையிலும் இருப்பது ஒரு மருந்துச் சீட்டு. எழுதுபவர் ஒருவர், படித்து எடுத்துக் கொடுப்பவர் இன்னொருவர், ஊசி போடும் செவிலியர் வேறொருவர், விழுங்குபவர் நோயாளி. சீட்டு கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் பிழை நுழையலாம்.

ஒரு புள்ளி, பத்து மடங்கு

1.0 மில்லிகிராம் என்று எழுதும்போது புள்ளி மங்கினால் அது 10. நான்கு யூனிட் என்பதைச் சுருக்கி 4-க்குப் பக்கத்தில் ஆங்கில ‘யு’ எழுத்தைப் போட்டால் அவசரத்தில் 40 என்று தெரியும். தைராக்சின் மாத்திரையின் அளவு மைக்ரோகிராமில்; அதை மில்லிகிராம் என்று எழுதினால் ஆயிரம் மடங்கு வித்தியாசம். அதனால்தான் முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் சுழியமும் வேண்டாம், ‘யூனிட்’ என்பதை முழுச் சொல்லாக எழுதுங்கள் என்று மருத்துவமனைகளில் வலியுறுத்துகிறார்கள்.

மருந்தின் மூலப்பெயரைப் படிக்கும்படியாக, முடிந்தவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இலேயே விதி வகுத்தது. அதற்கும் முன்பே, 2001-இல், ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்ற இரண்டு மலேரியா மருந்துகளின் பெயர் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மற்றப் பொருள்களைவிட மருந்துப் பெயர்களின் ஒற்றுமையை இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். மற்றக் கடையில் பெயர் குழம்பினால் பணம்தான் போகும். மருந்துக் கடையில் உயிரே போகலாம்.

வாரத்தில் ஒரே நாள்

முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்தில் ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரைகளைப் போலத் தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து, ரத்த அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்து. இப்படி மரணங்கள் நேர்ந்ததால் ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் கூடுதல் எச்சரிக்கைகளைக் கொண்டுவந்தது. ‘வாரம் ஒன்று’ என்று எழுதுவது போதாது. ‘செவ்வாய்க்கிழமை மட்டும்’ என்று கிழமையின் பெயரை, நோயாளிக்குத் தெரிந்த மொழியில் எழுத வேண்டும். வங்க மொழி மட்டும் தெரிந்தவருக்கு ஆங்கிலச் சீட்டும் தமிழ் விளக்கமும் எப்படிப் போதும்?

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

நம் நாட்டில் இன்சுலின் குப்பி இரண்டு வலிமையில் கிடைக்கிறது: ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட், 100 யூனிட். 40-க்கு உரிய ஊசிக்குழலின் மூடி சிவப்பு. 100-க்கு உரியது ஆரஞ்சு. 100 வலிமை மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில் 40 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 100 யூனிட். சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி நோயாளி நினைவிழப்பார். மாற்றி, 40 வலிமை மருந்தை ஆரஞ்சு மூடிக் குழலில் 40 என்ற கோடு வரை இழுத்தால் 16 யூனிட்தான் போகும். சர்க்கரை வேண்டிய அளவு குறையாது. வீட்டில் ஊசி போட்டுக்கொள்பவர்கள் குழல் வாங்கும்போதெல்லாம் குப்பியையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுவது நல்லது.

கணினி மட்டும் போதுமா?

பாஸ்டன் நகரின் ஒரு மருத்துவமனையில் மருத்துவர்கள் மருந்துகளைக் கணினியில் பதியத் தொடங்கியதும் கடுமையான மருந்துப் பிழைகள் 55 சதவீதம் குறைந்தன என்று 1998-இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. கையெழுத்துக் குழப்பத்துக்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை.

ஆனால் 2017 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் நடந்ததையும் பார்க்க வேண்டும். ஸ்கேனுக்கு முன் பதற்றம் தணிக்க ‘வெர்செட்’ எடுக்கப் போன செவிலியர், மருந்துப் பெட்டியின் கணினியில் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டினார். வெளியே வந்தது வெக்யூரோனியம். தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்தும் மருந்து. நோயாளி இறந்தார். செவிலியர் தன் தவறை ஒப்புக்கொண்டார். ஆனாலும் 2022-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அந்த மருந்து அவ்வளவு எளிதாகக் கைக்கு வரும்படி பெட்டியை அமைத்தது யார் என்று உலகெங்கும் செவிலியர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தண்டனைக்குப் பயந்தால் அடுத்தவர் தன் பிழையைச் சொல்லவே மாட்டார். சொல்லாத பிழையைத் திருத்த வழியில்லை. செறிவான பொட்டாசியம் குளோரைடைச் சாதாரண வார்டு அலமாரியில் வைக்காதீர்கள் என்ற விதி நல்ல முன்னுதாரணம். கைக்கு எட்டாத மருந்தை மாற்றி எடுக்க முடியாதல்லவா?

வெட்டிய அட்டையில் தொலையும் பெயர்

காலணி ஆலையில் நாள் முழுதும் குனிந்து தைக்கும் பெண்ணுக்கு முதுகுவலி. கடையில் கேட்டால் அட்டையை வெட்டி நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்கள். பெயர் போயிற்று, காலாவதித் தேதியும் போயிற்று. சில வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். நாளை அவர் மருத்துவமனையில் சேரும்போது ‘என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?’ என்ற கேள்விக்குப் பதில், ‘வெள்ளையா, சின்னதா இருக்கும்.’

இன்னொன்று இரட்டிப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்திலும், 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் மாத்திரை மூலப்பெயரில் கிடைக்கிறது. அங்கே தரும் அதே ஆம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையைத் தனியார் மருத்துவர் வணிகப் பெயரில் எழுதினால், இரண்டும் வேறு என்று நினைத்து இரண்டையும் விழுங்குபவர்கள் உண்டு.

அதனால் மருத்துவமனைக்குக் கிளம்பும்போது சீட்டுகளை மட்டும் எடுக்காமல், வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்து, பாட்டில், களிம்பு எதுவும் விடுபட வேண்டாம். வீடு திரும்பும் நாளில் எது புதிது, எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். மருந்து சாப்பிட்டபின் ஒவ்வாத விளைவு ஏதும் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணான 1800-180-3024-இல் நோயாளிகளே நேரடியாகவும் தெரிவிக்கலாம்.