கிணற்று நீரும் குளியலறை நிறமும்

கறுப்பு டைல் கடையில் அழகாகத்தான் இருக்கும். மேலே வெண்ணிற விளக்கு, பக்கத்தில் பளபளக்கும் குழாய், ஒரு சொட்டுத் தண்ணீரும் பட்டறியாத சுவர். அதே டைலை உரும்பிராயிலோ சுன்னாகத்திலோ புது வீட்டின் குளியலறையில் பதித்து, சில மாதம் கிணற்று நீரில் குளித்த பிறகு பார்த்தால் சுவர் முழுவதும் வெள்ளைத் திட்டுகள். துடைத்தால் போகாது, சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகாது. டைல் தரமில்லை என்று கடைக்காரரையும், பதித்தது சரியில்லை என்று மேசனையும் குறை சொல்வார்கள். பெரும்பாலும் இருவர் மீதும் பிழையில்லை. வீட்டுக்குக் கீழே கிடக்கும் பாறைதான் தண்ணீரில் கரைந்து வந்து சுவரில் ஏறியிருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரி மழைக்குத்தான் ஓடும். குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க என்று காலங்காலமாக நம்பியிருப்பது நிலத்தடி நீரைத்தான். அந்த நீர் தங்கியிருப்பது மயோசீன் காலச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும். ஏறத்தாழ 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த அந்தக் காலத்தில் கடலடியில் படிந்த கல் அது. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அந்தக் கல் கரைந்து திறந்த வழிகள். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 முதல் 1990 வரை சீமெந்தாக்கியதும் இதே கல்லைத்தான்.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணக்கல்லைக் கரைத்து, கல்சியம் இருகாபனேற்றாகக் கிணற்றில் சேர்க்கிறது. வாளியில் மொண்டு பார்த்தால் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். ஒரு துளி சுவரில் ஒட்டிக் காயத் தொடங்கும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. காபனீரொட்சைட்டு காற்றோடு போய்விட, கல்சியம் காபனேற்று எஞ்சுகிறது. துளியின் விளிம்பு நடுப்பகுதியைவிட விரைவாகக் காய்வதால் உள்ளிருக்கும் நீர் விளிம்பை நோக்கி ஓடி, தான் சுமந்ததை அங்கே இறக்குகிறது. அதனால் ஓரம் தடித்த ஒரு வெள்ளை வளையம் உருவாகிறது. மறுநாள் குளியலில் அதன்மேல் இன்னொரு வளையம். கேத்தலின் அடியில் பொருக்காகப் படிவதும் இதுவே. லண்டனில் இருக்கும் உறவினர்களுக்கும் இது புதிதாக இராது. அங்கும் சோக்குப் பாறையின் ஊடாக வரும் வன்னீரைத்தான் பெரும்பாலும் குடிக்கிறார்கள்.

ஆகவே நிறத்தேர்வின் முதல் விதியைத் தண்ணீரே எழுதிவிடுகிறது. வெள்ளைப் படிவு அதிகம் தெரிவது கறுப்பு, கடும் நீலம், கடும் பச்சை போன்ற கருமையான, பளபளப்பான பரப்பில். வெள்ளை, தந்த நிறம், மணல் நிறம், இளஞ்சாம்பல் ஆகியவற்றில் அதே படிவு இருந்தாலும் கண்ணில் படாது. இலேசான கோடோ புள்ளியோ கலந்த டைல் இன்னும் நல்லது. கரும் நிறத்தின் மேல் ஆசை தீரவில்லையென்றால் அதைத் தண்ணீர் தெறிக்காத கண்ணாடிப் பக்கச் சுவரில் வைத்துக்கொள்ளலாம்.

படிவைப் போக்கக் கடும் அசிட் ஊற்றுவது பலருக்குப் பழக்கம். அசிட் பட்டதும் நுரைத்துக்கொண்டு படிவு கரையும். டைலின் மேலிருக்கும் கண்ணாடிப் பூச்சும் பெரும்பாலும் தாங்கிவிடும். ஆனால் டைல்களுக்கு இடையில் இருக்கும் கிரவுட் சீமெந்தால் ஆனது. அதிலும் கல்சியம் உண்டு. படிவைக் கரைக்கும் அசிட் அதையும் சேர்த்துத் தின்னும். இரண்டு மூன்று வருடத்தில் கோடுகள் குழிவிழுந்து, அழுக்கும் பூஞ்சணமும் குடியேறும். குளித்து முடிந்ததும் ஒரு றப்பர் வழிப்பானால் சுவரை வழித்துவிடுவதும், படிந்துவிட்டால் வினாகிரியைத் தடவிச் சிறிது நேரத்தில் கழுவிவிடுவதும் போதும்.

வலிகாமத்தின் செம்மண் பகுதிகளில் இரண்டாவது எதிரி ஒன்று உண்டு. தோட்டத்தில் நின்று வந்த காலோடு வரும் மண்ணின் சிவப்பு, இரும்பு ஒட்சைட்டின் சிவப்பு. அதன் துகள்கள் மிக நுண்ணியவை; தூய வெள்ளைக் கிரவுட்டில் புகுந்தால் எளிதில் வெளியே வராது. சுவருக்கு வெள்ளை என்று முடிவெடுத்தவர்களும் தரையின் கிரவுட்டைச் சாம்பலாகவோ மணல் நிறமாகவோ வைத்துக்கொள்வதே புத்தி. பழைய வீடுகளின் விறாந்தையில் மினுங்கும் சிவப்புச் சீமெந்துத் தரைக்கு நிறம் கொடுத்ததும் இரும்பு ஒட்சைட்டுத்தான். முன்னோர் மண் தெரியாத நிறத்தைத் தரைக்குப் பூசியிருந்தார்கள்.

டைலின் நிறம் எப்படி உண்டாகிறது என்பது தனிக் கதை. ஆயிரம் பாகையைத் தாண்டும் சூளையில் தாவரச் சாயமோ துணிச் சாயமோ எஞ்சாது. உலோகச் சேர்மங்கள்தான் தாக்குப்பிடிக்கும். கோபாற்று நீலம் தரும், குரோமியம் பச்சை தரும், இரும்பு மண்ணிறம் தரும். வெள்ளைக்குப் பெரும்பாலும் சிர்கோன் என்ற கனிமம். பூச்சுக்குள் அதன் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் அடியிலுள்ள களியின் நிறம் மறைந்துபோகிறது. இந்தச் சிர்கோன், இல்மனைற்று, ரூற்றைல் ஆகியவற்றோடு சேர்ந்து புல்மோட்டைக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. 1940களின் இறுதியில், சிர்கோனின் படிகத்துக்குள் வனேடியத்தைப் புகுத்தி உறுதியான இளநீலம் செய்யும் முறை அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் அதே வழியில் மஞ்சளும் பவள நிறமும் வந்தன. உலகெங்கும் குளியலறைகளில் காணும் மென்னிறங்களில் கணிசமானவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பளீரென்ற சிவப்பு மட்டும் இன்றும் செய்யக் கடினமானது. கடைகளில் அது அரிதாகவும் விலை கூடியும் இருப்பதற்கு அதுவே காரணம்.

2000ஆம் ஆண்டளவில் ஸ்பெயினில் தொடங்கிய மைதாரை அச்சுமுறை டைலின் முகத்தையே மாற்றிவிட்டது. இன்று மரம், கருங்கல், மாபிள் என்று எதன் தோற்றத்தையும் டைலில் அச்சிடலாம். அச்சு மேலே; அடியுடல் வேறு. அந்த அடியுடலைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் பார்த்து வாங்குவது ஆபத்து. கடையில் டைலைத் திருப்பி, பின்புறத்தில் ஒரு துளி நீரை விட்டுப் பார்க்கலாம். சுவர் டைல் தன் எடையில் 10 வீதத்துக்கும் மேல் நீரை உறிஞ்சக்கூடியது. துளி உடனே மறையும். போசலின் டைல் 0.5 வீதத்துக்கு மேல் உறிஞ்சாது. துளி அப்படியே நிற்கும். நிறம் ஒத்துப்போகிறது என்பதற்காகச் சுவர் டைலைத் தரையில் பதிக்கக் கூடாது. அது மிதிபடுவதற்காகச் செய்யப்பட்டதன்று, வழுக்கும், உடையும்.

தரை என்றதும் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதை நினைக்க வேண்டும். பிள்ளைகள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்க, ஊரில் பெற்றோர் மட்டும் வாழும் வீடுகள் யாழ்ப்பாணத்தில் ஏராளம். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக் கண்ணோடு ஒப்பிட்டால் சுமார் மூன்றில் ஒரு பங்கு. கண்வில்லையும் மஞ்சளாகிவிடுவதால் நீலமும் பச்சையும் வேறுபட்டுத் தெரிவது குறையும். அந்தக் கண்ணுக்கு வெள்ளைச் சுவரும் வெள்ளைத் தரையும் வெள்ளைக் கொமட்டும் ஒன்றாகவே கலந்துவிடும். எங்கே சுவர் முடிந்து தரை தொடங்குகிறது, எங்கே கையை ஊன்றுவது என்று தடுமாற்றம் வரும். பிரித்தானியாவின் பிஎஸ் 8300 தரம் இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறது. முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100 என்று ஒளித்தெறிப்பை அளந்தால், அடுத்தடுத்த பரப்புகளுக்கு இடையில் 30 புள்ளி வித்தியாசமாவது இருக்க வேண்டும் என்பது அது. எளிமையாகச் சொன்னால், சுவர் தந்த நிறமானால் தரை நடுத்தரச் சாம்பலாக இருக்கட்டும். கொமட்டுக்குப் பின்னால் உள்ள சுவருக்கு வெள்ளை வேண்டாம். கைபிடிக் கம்பி சுவரின் நிறத்திலிருந்து பிரிந்து தெரியட்டும். தரையின் நடுவில் கரும் கட்டம் பதிக்கவே கூடாது; நினைவு குன்றியவர்களுக்கு அது குழியாகத் தெரியக்கூடும்.

வழுக்காமைக்கும் அளவுண்டு. ஜெர்மனியில் எண்ணெய் பூசிய சாய்தளத்தில் ஆளை நடக்கவிட்டு, தளத்தை மெல்ல மெல்லச் சாய்த்து, ஆர் 9 முதல் ஆர் 13 வரை தரம் பிரிக்கிறார்கள். வெறுங்காலுக்கான சோதனை வேறு. அதில் சவர்க்கார நீர் ஊற்றி ஏ, பி, சி என்று வகுக்கிறார்கள். குளிக்கும் இடத்துக்கு பி கேட்டு வாங்குவது நல்லது.

இந்தக் காலத்தில் நிறத்தை ரொறன்ரோவிலிருந்து வட்ஸ்அப்பில் தெரிவுசெய்பவர்களும் உண்டு. பணம் அனுப்புகிறவர் ஆசைப்படுவது நியாயம். ஆனால் கடையின் விளக்கு, படம் எடுத்த கைத்தொலைபேசி, பார்க்கும் திரை மூன்றும் மூன்று விதமாக நிறத்தை மாற்றுகின்றன. மஞ்சள் வெளிச்சத்தில் வெதுவெதுப்பாகத் தெரிந்த மணல் நிறம், வெள்ளை எல்இடியில் வெளிறிப்போகும். குளியலறையில் ஒரு சிறு யன்னல் மட்டுமே இருந்தால் வேறுபாடு இன்னும் கூடும்.

ஒரே பெயருள்ள டைலும் சூளைக்குச் சூளை சற்று நிறம் மாறும். பெட்டியின் பக்கத்தில் நிறத்தொகுதி இலக்கமும் அளவு இலக்கமும் அச்சிட்டிருக்கும். எல்லாப் பெட்டிகளிலும் இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று லொறியிலிருந்து இறக்கும்போதே பார்த்துவிட வேண்டும். 2020இல் நாட்டில் டைல் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது நினைவிருக்கலாம். அத்தகைய நேரத்தில் பாதியில் நின்ற வேலைக்கு அதே நிறத்தைத் தேடுவது பெரும்பாடு. நூற்றுக்குப் பத்து வீதம் கூடுதலாக வாங்கி வைப்பது வீண்செலவாகாது. குழாய் ஒழுகிச் சுவரை உடைக்க நேர்ந்தால் உதவும்.

விலை பேசும் முன், பிடித்த நிறங்களில் ஒவ்வொரு டைலை வீட்டுக்குக் கொண்டுபோகக் கடைக்காரரிடம் கேளுங்கள். பதிக்கப்போகும் சுவரில் சாய்த்து வைத்து, காலையிலும் இரவிலும் பாருங்கள். ஒரு வாரம் கிணற்று நீரைத் தெளித்துக் காயவிடுங்கள், துடைக்க வேண்டாம். வீட்டில் மூத்தவர் இருந்தால் அவரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.