விடுபட்ட ஓர் எண்

ஓர் ஊரில் 100 குழந்தைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தடுப்பூசிப் பதிவேட்டில் 90 குழந்தைகளின் எண்கள் உள்ளன. 91ஆம் வரியில் மட்டும் எண் விடுபட்டிருக்கிறது. 'இப்பதிவேட்டில் இல்லாத குழந்தைகள் யார்?' என்று கணிப்பொறியைக் கேட்கிறோம். பத்துப் பெயர்களை எதிர்பார்ப்போம். ஆனால் ஒரு பெயர்கூட வராது!

இயந்திரம் பழுதா? இல்லை, அது விதிப்படியே நடக்கிறது. தகவல் திரட்டுகளை வினவும் மொழி எஸ்.கியூ.எல். அமெரிக்கத் தர நிறுவனம் 1986இலும் பன்னாட்டுத் தர நிறுவனம் 1987இலும் இதற்குத் தரம் வகுத்தன. வெற்றிடத்தை இம்மொழி 'நல்' என்கிறது. அது சுழியன்று, 'மதிப்பு தெரியாது' என்பதன் குறி. எனவே இம்மொழியில் மெய், பொய் என்பவற்றோடு 'தெரியாது' என்ற மூன்றாவது விடையும் உண்டு.

பதிவாகாத 95ஆம் குழந்தையைப் பாருங்கள். அதன் எண் 90 எண்களிலிருந்தும் வேறுபடுகிறது: மெய். விடுபட்ட எண்ணிலிருந்தும் வேறுபடுகிறதா? அங்கே 95 என்றே இருந்திருக்கலாம் அல்லவா? ஆகவே, 'தெரியாது'. 'நாட் இன்' என்ற கட்டளைக்கு எல்லா ஒப்பீடும் மெய்யாக வேண்டும். ஐயமுள்ள வரிகளை வினவல் தள்ளிவிடும். இப்படியே பத்துப் பேரும் விடுபடுகிறார்கள்.

'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்று கேட்டால் பத்துப் பெயர்களும் வரும். ஏனெனில், 'இவ்வெண்ணோடு பொருந்தும் வரி உண்டா?' என்று மட்டுமே அது பார்க்கிறது. அப்பத்தில் ஒருவர் ஊசி போட்டுக்கொண்டவராகவும் இருக்கலாம். அதை வீட்டுக்குச் சென்று கேட்டறியலாம். வெற்றுப் பட்டியலை நம்பினாலோ, பத்து வீடுகளுக்கும் யாரும் செல்லமாட்டார்கள்.