காற்று எந்தப் பக்கம் வீசுகிறது?

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்று வெள்ளம் எங்கள் முடிச்சூருக்குள் புகுந்தது. படகில் ஏறித் தப்பிய குடும்பங்கள் பல. வெள்ளம் வடிந்தபின் வீடெங்கும் சேறும் சாக்கடை நாற்றமும்தான். குளியலறைத் தரையில் பிளீச்சிங் பவுடரை அள்ளித் தூவினேன். கறை போகவில்லை. கழிவறை கழுவும் ஆசிட்டை எடுத்து அதன்மேலேயே ஊற்றினேன். நுரை பொங்கியது. பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் புகை எழுந்தது. அடுத்த நொடியே கண் எரிந்தது, மூச்சு அடைத்தது. என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்தபடியே இருமிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து ஓடிவந்த என் தாயார், "வெளியே வாடா!" என்று கையைப் பிடித்து இழுத்து, கதவைச் சாத்திவிட்டு, என் முகத்தில் குடத்து நீரைக் கொட்டினார். அவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். நானோ கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன்!

நடந்தது என்ன? பிளீச்சிங் பவுடரில் உள்ள கால்சியம் ஆக்ஸிகுளோரைடுடன் ஆசிட்டில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்தால் கால்சியம் குளோரைடும் நீரும் உண்டாகி, குளோரின் வாயு வெளிப்படும். இதை நீங்கள் வேதியியல் வகுப்பில் படிப்பீர்கள், நானும் படித்தவன்தான். குளோரின் நம் கண், தொண்டை, நுரையீரல் ஆகியவற்றின் ஈரத்தில் கரைந்து அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் உறுப்புகளை அரிக்கிறது. 1915இல், முதல் உலகப் போரின்போது, ஜெர்மன் படையினர் பெல்ஜியத்தில் போர்க் கருவியாகத் திறந்துவிட்டதும் இதே வாயுதான்.

ஒரு பிடித் தூளால் ஒரு குளியலறையில் இவ்வளவு நேர்ந்தது. டன் கணக்கில் நச்சு வாயு ஓர் ஊருக்குள் புகுந்தால் என்ன ஆகும்? அப்போது என்ன செய்ய வேண்டும்? இதைத்தான் இந்தக் கட்டுரையில் காணப் போகிறோம்.

எண்ணூரின் நள்ளிரவு

தொலைவில் தேட வேண்டியதில்லை. வடசென்னையின் எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் உர ஆலை உள்ளது. கப்பலில் வரும் திரவ அம்மோனியாவை அங்கே கொண்டுசேர்க்கக் கடலடிக் குழாய் ஒன்று இருந்தது. 2023 டிசம்பர் 26ஆம் நாள், இரவு பதினொன்றரை மணிக்குமேல், கரைக்கு அருகே அந்தக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் முதலிய மீனவர் ஊர்களில் உறங்கிக்கொண்டிருந்த மக்கள் மூக்கைத் துளைக்கும் நெடியில் விழித்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் தெருவுக்கு ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது, ஆலை வாயிலருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது. 24 மணி நேரச் சராசரிக்கு அனுமதிக்கப்பட்ட அளவோ 400 மைக்ரோகிராம்தான். அந்த மாதத் தொடக்கத்தில் வீசிய மிக்ஜாம் புயலில் குழாயின்மேல் இருந்த பாறைகள் இடம்பெயர்ந்ததே கசிவுக்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வுக் குழு கருதியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த மக்களுக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று எது சொல்லியிருக்க முடியும்? காற்றுதான். ஆனால் காற்றைப் படிக்க அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

ஒரு சிறு கணக்கு

காற்று மெல்ல, நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசுவதாகக் கொள்வோம். ஆலையிலிருந்து ஒரு கிலோமீட்டரில் உங்கள் வீடு இருந்தால், வாயு வந்துசேர எவ்வளவு நேரமாகும்? 1,000ஐ 2ஆல் வகுத்தால் 500 நொடி, அதாவது எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். இத்தகைய விபத்துகளுக்கெனப் பயிற்சி பெற்ற தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. அங்கிருந்து சென்னைக்கு வந்துசேர எப்படியும் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். தீயணைப்பு வண்டியும் எட்டு நிமிடத்துக்குள் வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே முதல் பத்து நிமிடம் நம் கையில்தான் இருக்கிறது.

சரி, எந்தப் பக்கம் போவது? ஊதுபத்திப் புகையைப் பார்த்திருப்பீர்கள். அது காற்றின் போக்கில் நீளமாகவும், பக்கவாட்டில் ஒடுங்கியும் செல்லும். கசியும் வாயுவும் அப்படியே. வாயு மேகத்தின் அகலம் 200 மீட்டர் என்றும், அதன் நட்டநடுவில் நீங்கள் இருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். காற்றுக்குக் குறுக்காக 100 மீட்டர் போனால் போதும். நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் நடந்தாலே ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஆகும்!

மாறாக, காற்று போகும் திக்கிலேயே ஓடினால் என்ன ஆகும்? வாயுவும் கூடவே வரும். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றைத்தான் மூச்சில் இழுக்கிறோம். வேகமாக ஓடும்போது அது பல மடங்காகிறது. உள்ளே போகும் நஞ்சும் அத்தனை மடங்காகிவிடும் அல்லவா?

கனமா, லேசா?

அடுத்த கேள்வி: மாடிக்கு ஏறுவதா, தரையோடு இருப்பதா? இதற்கு விடை மூலக்கூறு எடையில் இருக்கிறது. காற்றின் சராசரி மூலக்கூறு எடை ஏறக்குறைய 29. குளோரினுக்கு 71, ஆகவே அது காற்றைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. சமையல் எரிவாயுவும் காற்றைவிடக் கனமானதே. இவை தரையோடு தவழ்ந்து பள்ளங்களில் தேங்கும். குளியலறையில் குனிந்துகொண்டிருந்த நான் செய்த இரண்டாவது தவறு இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அம்மோனியாவின் மூலக்கூறு எடை 17தான். அது மேலே போய்விடும் என்று நினைப்பீர்கள். ஆனால் திரவ அம்மோனியா கொதிக்கும் வெப்பநிலை மைனஸ் 33 டிகிரி செல்சியஸ். அது கசியும்போது சுற்றியுள்ள காற்றைக் குளிரச் செய்து, நுண்துளிகளோடு கூடிய வெண்பனிபோலத் தரையில் படர்ந்து செல்லும். சூடேறிய பிறகே மேலெழும். எனவே எடையை மட்டும் பார்த்தால் போதாது. வெப்பநிலையையும் பார்க்க வேண்டும்.

ஒலிக்காத சங்கு

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில் போபால் நகரின் யூனியன் கார்பைடு ஆலையில் மெத்தில் ஐசோசயனேட் இருந்த தொட்டிக்குள் நீர் புகுந்தது. வேதிவினையால் சூடேறி, சுமார் 40 டன் நச்சு வாயு வெளியேறியது. அது காற்றைப்போல இருமடங்கு கனமானது. குளிர்கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலுள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். அந்த வெப்ப அடுக்கு பானைக்கு மூடி போட்டதுபோல வாயுவை மேலே போகவிடாமல் தடுத்தது. ஊருக்கான அபாயச் சங்கு சிறிது நேரமே ஒலித்து நிறுத்தப்பட்டது. மீண்டும் அது முழங்கியபோது வாயு குடிசைகளுக்குள் புகுந்துவிட்டது. உடனடியாக இறந்தவர்கள் என்று அரசு முதலில் சொன்ன எண்ணிக்கையே 2,259. பின்னர் அது பல மடங்கு உயர்ந்தது.

அந்த இரவில் போபால் ரயில் நிலையத்தின் துணைக் கண்காணிப்பாளர் குலாம் தஸ்தகீர், நின்றிருந்த ரயிலை மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் முன்னதாகவே புறப்படச் செய்தார். வரவிருந்த ரயில்களை நிறுத்தும்படி அக்கம்பக்க நிலையங்களுக்குச் சொன்னார். ஒருவர் சரியான நேரத்தில் எடுத்த முடிவு பல உயிர்களைக் காத்தது.

போபாலுக்குப் பிறகு 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1989இல் அபாயகரமான வேதிப்பொருள்களுக்கான விதிகளும் வந்தன. ஆலைக்குள் ஒரு நெருக்கடித் திட்டம், ஆலைக்கு வெளியே மாவட்ட அளவில் ஒரு நெருக்கடித் திட்டம், ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒத்திகை, சுற்றுப்புற மக்களுக்கு முன்கூட்டியே விளக்கம் ஆகியவற்றை அந்த விதிகள் வலியுறுத்தின.

ஆயினும் 2020 மே 7ஆம் நாள் விடியற்காலையில், விசாகப்பட்டினத்தின் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலைத் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி கசிந்து 12 பேர் இறந்தனர். அந்த ஆலையில் அபாயச் சங்கை ஒலிக்கச் செய்யும் இடங்கள் 36 இருந்தும் அவற்றில் ஒன்றுகூடப் பயன்படுத்தப்படவில்லை என்று விசாரணைக் குழு எழுதியது. கருவி இருந்தது, அதை அழுத்தும் பழக்கம் இல்லை.

கவசம் அணிந்து வருபவர்கள்

மீட்புப் படையினர் வந்தவுடன் முதலில் பார்ப்பதும் காற்றின் திசையைத்தான். காற்று வரும் பக்கத்திலிருந்தே அவர்கள் நெருங்குவார்கள். கசியும் இடத்தைச் சுற்றி ஆபத்து வளையம், அதற்கு வெளியே உடலைக் கழுவித் தூய்மை செய்யும் வளையம், அதற்கும் வெளியே பாதுகாப்பான வளையம் என மூன்றாகப் பிரிப்பார்கள். உடல் முழுவதையும் மூடும் உடையும், முதுகில் காற்று உருளையும் அணிந்தவர்களே முதல் வளையத்துக்குள் போகலாம்.

அம்மோனியா கசிந்தால் நீரைத் திரைபோல் பீய்ச்சுவார்கள். ஒரு பங்கு நீரில் ஏறத்தாழ 700 பங்கு அம்மோனியா வாயு கரையும். ஆனால் தேங்கி நிற்கும் திரவ அம்மோனியாவின்மேல் நீரை ஊற்ற மாட்டார்கள். அதற்கு நீர் வெப்பத்தைக் கொடுத்து இன்னும் வேகமாக ஆவியாக்கிவிடும். குளோரின் உருளையின் ஓட்டையிலும் நீர் படவிட மாட்டார்கள். நீரும் குளோரினும் சேர்ந்து உண்டாகும் அமிலம் இரும்பை அரித்து ஓட்டையைப் பெரிதாக்கும். அதற்குப் பதிலாக, ஓட்டை மேற்புறம் வருமாறு உருளையைத் திருப்புவார்கள். ஏன் தெரியுமா? கீழே திரவமும் மேலே வாயுவும் இருக்கும். ஒரு லிட்டர் திரவக் குளோரின் ஏறத்தாழ 460 லிட்டர் வாயுவாக விரியும். திரவம் கசிவதைவிட வாயு கசிவது மேல் அல்லவா!

எங்கள் ஊர்ச் சாலையில்

'எண்ணூர் எங்கே, முடிச்சூர் எங்கே!' என்று நீங்கள் கேட்கலாம். வண்டலூரில் தொடங்கி மீஞ்சூர் வரை செல்லும் வெளிவட்டச் சாலை எங்கள் ஊரைத் தொட்டுச் செல்கிறது. மீஞ்சூரோ எண்ணூருக்கு அண்டையில் உள்ளது. இத்தகைய சாலைகளில் டாங்கர் லாரியைப் பார்த்தால் அதன் பக்கங்களையும் பின்புறத்தையும் கவனியுங்கள். சாய்சதுர அடையாளமும் நான்கு இலக்க எண்ணும் இருக்கும். இந்த எண் உலகம் முழுவதற்கும் ஒன்றே. 1005 என்றால் அம்மோனியா, 1017 குளோரின், 1075 சமையல் எரிவாயு, 1789 ஹைட்ரோகுளோரிக் அமிலம். விபத்துக்குள்ளான லாரியின் எண்ணைத் தூரத்திலிருந்தே படித்து 112க்குச் சொன்னால், தீயணைப்பு வீரர்கள் தக்க கருவிகளோடு வருவார்கள். எண்ணைப் படிப்பதற்காக அருகே போகாதீர்கள்.

மனத்தில் நிறுத்துங்கள்

1. தென்னங்கீற்றோ கொடியோ அசையும் பக்கத்தைப் பார்த்துக் காற்றின் திசையை அறியுங்கள். காற்றுக்குக் குறுக்காக விரைந்து நடங்கள். கசியும் இடத்தை நோக்கிப் போகாதீர்கள்.

2. மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடுங்கள். நீரில் கரையும் அம்மோனியா, குளோரின் போன்றவற்றை அது ஓரளவு தடுக்கும். ஸ்டைரீன் போன்று நீரில் கரையாதவற்றை அதனால் தடுக்க முடியாது.

3. வெளியே போக வழியில்லையென்றால் உள்ளேயே இருந்து, கதவு சன்னல்களை அடைத்து, மின்விசிறியையும் ஏ.சி.யையும் நிறுத்துங்கள். கதவிடுக்கில் ஈரத்துணியைச் செருகுங்கள். வாயு கனமானதென்றால் மாடி நல்லது.

4. கண் எரிந்தால் தேய்க்காமல் 15 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவுங்கள். வாயு பட்ட உடைகளைக் களையுங்கள். தேறிவிட்டதாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். நுரையீரலில் நீர்கோத்தல் சில மணி நேரம் கழித்தும் தோன்றக்கூடும்.

5. வீட்டில் பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

உங்கள் பள்ளியில் தீ விபத்து ஒத்திகை நடந்திருக்கலாம். வாயுக் கசிவு ஒத்திகை நடந்ததுண்டா? உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். அருகில் ஆலையோ, குளிர்பதனக் கிடங்கோ, குளோரின் பயன்படுத்தும் குடிநீர் நிலையமோ இருக்கிறதா என்று விசாரியுங்கள். அங்கே சங்கு ஒலித்தால் என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள். இவற்றைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அதுவரை ஒரு சிறு பயிற்சி. நாளைக் காலை வாசலுக்கு வந்ததும் மரக்கிளையைப் பார்த்து, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று சொல்லிப் பாருங்கள். பத்து நாள் செய்தால் அது பழக்கமாகிவிடும். என் தாயார் அன்று எந்தச் சூத்திரத்தையும் நினைத்துப் பார்க்கவில்லை. வெளியே இழுத்தார், கதவைச் சாத்தினார், நீரைக் கொட்டினார். ஆபத்து வரும் நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது. பழகிய கைகால்களே அப்போது நமக்குத் துணை நிற்கும்.