மொழி ஊருக்கா, ஆளுக்கா?

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு மொழி என்பது மண்ணோடு மட்டும் ஒட்டியதன்று. நம்மோடு கூடவே வருவது. மாட்டுங்காவில் காய்கறி வாங்குகையில் மராத்தியும், ரயிலில் இந்தியும், அலுவலகத்தில் ஆங்கிலமும் பேசுகின்றோம். வீட்டு வாயிலைக் கடந்ததும் தமிழுக்குத் திரும்புகின்றோம். நம்மைச் சுற்றியுள்ளோர் எளிதில் அறிந்துகொள்ளும் இவ்வுண்மையை இணையதளங்கள் அறிந்துள்ளனவா? வெளிநாடு செல்லும் நம் குடும்பத்தாருக்கு இது சிறிய வினாவன்று.

தாராவியில் நெடுங்காலம் வாழ்ந்த ஓர் அன்னை, ஜெர்மனியில் பணிபுரியும் மகனைக் காண ஃபிராங்க்ஃபர்ட் சென்றிருப்பதாகக் கொள்வோம். மும்பையில் ஆங்கிலத்தில் தோன்றிய பயணச்சீட்டுப் பக்கம், மகன் வீட்டு வைஃபையில் இணைந்தவுடன் ஜெர்மன் மொழிக்கு மாறிவிடுகிறது. கைபேசியும் அதுவே; அன்னையும் அவரே. மகனோ வேலைக்குச் சென்றுவிட்டான். திரும்பும் நாளை மாற்ற எதனை அழுத்துவது என்றறியாமல் அவர் திகைக்கின்றார். இது எவ்வாறு நேர்ந்தது?

இணையதளம் மொழியைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, இடத்தைக் கொண்டு ஊகித்தல். இணையத்தில் சேரும் கருவி ஐ.பி. என்னும் எண் முகவரியோடு செல்கிறது. எந்த எண்கள் எந்த நாட்டுக்குரியவை என்னும் பட்டியலைப் பார்த்துத் தளம் நம் இருப்பிடத்தைக் கணிக்கிறது. மும்பை சிம் அட்டையோடு ரோமிங்கில் இருந்தால், தொடர்பு பெரும்பாலும் இந்திய நிறுவனத்தின் வழியாகவே சென்று வருவதால், நாம் இந்தியாவில் இருப்பதாகத் தோன்றும். வைஃபைக்கு மாறினால் ஜெர்மனியில் இருப்பதாகத் தோன்றும். நாற்காலியை விட்டு எழாமலே நாடு மாறும் விந்தை இது!

இரண்டாவது, உலாவி சொல்லும் சொல். இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவி, ஒரு பக்கத்தைக் கேட்கும்போதே, “முதலில் தமிழ், அது இல்லையேல் மராத்தி, அதுவும் இல்லையேல் ஆங்கிலம்” என்பதுபோல் ஒரு வரிசையையும் அனுப்புகிறது. தமிழுக்குரிய குறி ‘டி’, ‘ஏ’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துக்கள். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரியில் முன்னிற்பவை இவையே. நாம் எந்நாடு சென்றாலும் இவ்வரிசை நம்மோடு வரும்.

மூன்றாவது, நாமே தேர்ந்தெடுத்த மொழியைத் தளம் நினைவில் வைத்துக்கொள்ளுதல்.

இம்மூன்றனுள் நம் தேர்வு முதலிலும், உலாவியின் சொல் அடுத்தும், இடம் கடைசியிலும் நிற்பதே முறை. வருவோரைத் தாமாகவே வேறு மொழிப் பக்கத்துக்குத் தள்ளிவிட வேண்டா என்று கூகுள் நிறுவனமும் தளம் அமைப்போருக்கு அறிவுரை கூறியுள்ளது. சில தளங்கள் மொழிக்கு அடையாளமாக நாட்டுக் கொடியை வைக்கின்றன. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளின் அரசியலமைப்பிலும் இடம்பெற்ற தமிழுக்கு எந்தக் கொடியை வைப்பது?

ஆயினும் குறை முழுவதும் தளங்களுடையதன்று. நம் இல்லங்களில் எத்தனை கைபேசிகள் வாங்கிய நாளிலிருந்தே ஆங்கிலத்தில் இருக்கின்றன! நாம் கேளாமலே அவை எல்லாத் தளங்களிடமும் ஆங்கிலத்தையே கேட்டுக்கொண்டிருக்கின்றன. தளம் நடத்துவோர் வருவோரின் மொழிக் குறிகளை எண்ணிப் பார்க்கும்போது, தமிழ்ப் பக்கத்தை விரும்பியோர் கணக்கில் நாம் சேர்வதில்லை. கேளாதவருக்குக் கொடுப்பார் யார்?

ஆகவே, பெற்றோரைப் பயணம் அனுப்புமுன் பிள்ளைகள் ஒன்று செய்க. உலாவியின் அமைப்புகளில் மொழிகள் என்னும் பகுதியைத் திறந்து, தமிழை முதலிலும், அவர் அறிந்த பிறமொழியை அடுத்தும் வைத்துவிடுக. தமிழ்ப் பக்கம் இல்லாத தளமும், அவ்வரிசையை மதிப்பதாயின், அறியாத மொழிக்குத் தாவாது. இடத்தையே பார்க்கும் தளங்கள் இதற்கும் இணங்கமாட்டா. அங்கே பக்கத்தின் மேலோ கீழோ உள்ள உலக உருண்டைக் குறியை அழுத்தி மொழியை மாற்றும் விதத்தை ஒருமுறை காட்டிக் கொடுத்துவிடுக. பெட்டி கட்டும் நாளில் இதற்குக் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். அயல்நாட்டில் தனித்திருக்கும் அன்னைக்கு அது பெருந்துணையாகும்.