கூடத்தில் ஓடும் குட்டி ரயில்! மிதிபடாமல் காப்பது எப்படி?

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மாமா லீவில் வருகிறார். பெட்டியைத் திறந்தால் பையனுக்கு ஒரு குட்டி ரயில்! எஞ்சின், நாலு பெட்டி, வட்டமாகப் பூட்டத் தண்டவாளம்.

அன்று மாலையே கூடத்தில் ரயில் ஓடுகிறது. வீடே சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது.

மறுநாள், "யாருடா இதை வழியிலே போட்டது?" என்று பாட்டி சத்தம். மூன்றாம் நாள் யாரோ மிதித்து ஒரு தண்டவாளம் வளைகிறது. ஒரே வாரத்தில் ரயில் அட்டைப் பெட்டிக்குள். அட்டைப் பெட்டி பரண் மேலே!

பல ஆயிரம் ரூபாய்ச் சாமானுக்கு ஏன் இந்தக் கதி? பெரும்பாலும் ரயிலில் கோளாறு இருக்காது. அதைப் போட்ட விதத்தில்தான் கோளாறு.

சீமையிலும் இதே கதை

இந்தத் தொல்லை நமக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் 2009-ம் ஆண்டு ஒரு பெரிய முயற்சி நடந்தது. ஜேம்ஸ் மே என்பவர் டி.வி. நிகழ்ச்சிக்காகப் பொம்மை ரயில் பாதை போட்டார். பார்ன்ஸ்டபிள் ஊரிலிருந்து பிடெஃபோர்டு வரை, சுமார் 16 கிலோ மீட்டர்! எப்போதோ ரயில் ஓடி நின்றுபோன பழைய பாதையில், தரையோடு தரையாகத் தண்டவாளம் நீண்டது.

நடந்தது என்ன? சில இடத்தில் தண்டவாளத்தையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பேட்டரியும் திருட்டுப் போயிற்று. தண்டவாளத்தின் மேல் காசை வைத்து கரண்டைக் கெடுத்தார்கள் குறும்புக்காரர்கள். ரயில் ஊர் போய்ச் சேரவில்லை! 2011-ல் மறுபடி முயன்றுதான் ஜெயித்தார்கள்.

தரையில் பாதை போட்டால் போதாது. அதைக் காக்கவும் ஏற்பாடு வேண்டும். 16 கிலோ மீட்டருக்கும் இதுதான் பாடம். நம் வீட்டு நாலடிக்கும் இதுதான் பாடம்!

பட்டணம் பார்த்த ரயில்

பெரம்பூர் ஐ.சி.எப்.பில் 1955 முதல் ரயில் பெட்டி கட்டுகிற ஊர் நம்முடையது. அசல் ரயிலைத் தினமும் பார்க்கிறோம். நம் பெரிய பாதையின் அகலம் 1676 மில்லி மீட்டர். வெளிநாடுகளில் பெருவாரியாக உள்ள பாதை 1435 மில்லி மீட்டர்.

அந்த 1435-ஐ 87-ஆல் வகுத்துப் பாருங்கள். பதினாறரை மில்லி மீட்டர் வரும். கடைகளில் அதிகம் விற்கும் 'எச்.ஓ.' ரகப் பொம்மைத் தண்டவாளத்தின் அகலம் அதுதான். அசலை 87 பங்காக்கி ஒரு பங்கு! இன்னும் சின்னதான 'என்' ரகத்துக்கு வெறும் 9 மில்லி மீட்டர்.

இந்த ரக ரயில்களில் பெரும்பாலானவை 12 வோல்ட் டி.சி. கரண்டில் ஓடும். கரண்ட் எப்படி எஞ்சினுக்குப் போகிறது? இரண்டு தண்டவாளம் வழியாகச் சக்கரத்துக்கு, சக்கரத்திலிருந்து மோட்டாருக்கு. இதைப் புரிந்துகொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

உள்ளே பேட்டரி போட்டு ஓடும் பிளாஸ்டிக் ரயிலுக்குத் தண்டவாளத்தில் கரண்ட் கிடையாது. ஆனால் மிதிபட்டால் அதுவும் உடையும்!

தூசுதான் முதல் வில்லன்

சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடம் ஊசி முனை அளவுதான். அங்கே தூசு படிந்தால் கரண்ட் ஏறாது. ரயில் திக்கித் திக்கி நிற்கும். "மோட்டார் போச்சு" என்று சொல்லிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மோட்டார் பாவம் என்ன செய்யும்?

வீட்டில் தூசு அதிகம் இருக்கும் இடம் எது? தரைதான். தலைமுடி, பாய்க் கோரை, துணி நூல் எல்லாம் அங்கேதான் சேரும். எஞ்சினின் அடிப்பக்கம் தரையைத் தொட்டும் தொடாமலும் போகிறது. ஒரு தலைமுடி பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் போதும், ரயில் ஸ்டிரைக்!

அதனால் ஜமுக்காளம், கம்பளம் மேலே தண்டவாளம் போடவே கூடாது. "மெத்தென்று இருக்குமே" என்பார்கள். மெத்தென்று இருப்பதால்தான் பாதை மேடு பள்ளமாகி ரயில் கவிழ்கிறது. நூலும் மோட்டாருக்குள் போகிறது.

கொண்டை ஊசி, ஊக்கு, சில்லறைக் காசு ஆகியவையும் எதிரிகளே. இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே விழுந்தால் ஷார்ட் சர்க்யூட்! ரயில் நின்றால் முதலில் பாதை முழுக்க ஒரு பார்வை பாருங்கள்.

ஈரத் துணி ஜாக்கிரதை!

இது விளையாட்டு அல்ல. தண்டவாளத்தில் ஓடுவது 12 வோல்ட் என்றாலும், அதைக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் சொருகியிருப்பது 230 வோல்ட் சுவர் பிளக்கில். காலையில் தரை துடைக்க வருகிற அம்மாவுக்கு அது தெரியாது. பிளக்கில் இருக்கும்போது ஈரத் துணி அந்தப் பக்கம் போகவே கூடாது.

டிரான்ஸ்பார்மர் தரையில் இருக்க வேண்டாம். ஒரு முக்காலி மேல் வையுங்கள். ஒயர் நடை வழியில் குறுக்கே போக வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கையும் பிடுங்கி வைக்க வேண்டும்.

ஈரத்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. இரும்புத் தண்டவாளம் துருப்பிடிக்கும். கடற்காற்று வீசும் நம் ஊரில் கேட்கவே வேண்டாம். வாங்கும்போதே 'நிக்கல் சில்வர்' தண்டவாளமா என்று கேளுங்கள். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம். அது இரும்பு போலத் துருப்பிடிக்காது.

பலகைதான் கோட்டை

சரி, வழி என்ன? தரையிலேயே வையுங்கள், ஆனால் தரை மேல் நேரடியாக வைக்காதீர்கள்!

நாலடிக்கு மூன்றடி பிளைவுட் ஒன்று போதும். எச்.ஓ. ரகத்தின் சின்ன வட்டத்துக்குச் சுமார் 75 சென்டி மீட்டர் அகலம் வேண்டும். மூன்றடி என்பது 91 சென்டி மீட்டர். அடங்கிவிடும், நீளப் பக்கத்தில் ஒரு ஸ்டேஷன் வைக்கவும் இடம் மிஞ்சும்.

பலகை வளையாமல் இருக்க அடியில் ரீப்பர் கட்டை அடியுங்கள். நாலு மூலைக்கும் சின்ன உருளைச் சக்கரம். சுற்றிலும் ஓர் அங்குல உயரத்துக்குக் கட்டை விளிம்பு. தடம் புரண்டாலும் எஞ்சின் தரையில் விழாது. தண்டவாளத்தைச் சின்ன ஆணியால் பலகையிலேயே பொருத்திவிட்டால் தினமும் கழற்றிப் பூட்டும் வேலை இல்லை. கழற்றிப் பூட்டித்தான் இணைப்புத் தகடுகள் தளர்ந்துபோகின்றன.

ஆட்டம் முடிந்ததா? மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி, கட்டிலுக்கு அடியில் ஒரே தள்ளு! தரை வீட்டுக்கு, ரயில் ஷெட்டுக்கு.

ரயிலுக்கும் டைம் டேபிள்

ஒண்டுக் குடித்தன வீட்டில் தரை என்பது சும்மா கிடக்கும் இடமா? சாப்பாடு அங்கே, படிப்பு அங்கே, காய் நறுக்குவது அங்கே, ராத்திரி பாய் விரிப்பதும் அங்கே. ரயில் வந்து அதில் பங்கு கேட்கிறது. கேட்கிற முறையில் கேட்டால்தான் கிடைக்கும்.

சாயங்காலம் ஆறு முதல் ஏழரை வரை ரயில் நேரம் என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். ஒரு காகிதத்தில் எழிதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். ரயில் என்றால் டைம் டேபிள் இருக்க வேண்டாமா?

இடமும் முக்கியம். கதவுக்கும் சமையலறைக்கும் நடுவே போடாதீர்கள். வயதானவர்கள் இரவில் தடுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். எந்த ரயிலும் அந்த விலைக்குப் பெறாது. ஒரு மூலையைப் பிடியுங்கள். சுற்றிச் சாக்பீஸ் கோடு போட்டு, "கேட் கீப்பர்" வேலையைப் பாட்டியிடமே கொடுத்துவிடுங்கள். சத்தம் போட்டவரே காவலுக்கு நிற்பார்!

மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம்

வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் கூடுதல் கவனம். சின்னச் சின்னப் பாகங்கள் வாய்க்குள் போனால் மூச்சு அடைக்கும். பட்டன் பேட்டரியோ காந்தமோ விழுங்கிவிட்டால் "தானாக வந்துவிடும்" என்று காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. ஆட்டம் முடிந்ததும் பெட்டிகளை எண்ணிப் பார்த்து எடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

வாரம் ஒருமுறை

மொபைல் ரிப்பேர் கடைக்காரர்கள் ஐ.பி.ஏ. என்று ஒரு திரவம் வைத்திருப்பார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய துணியில் அதை லேசாக நனைத்துத் தண்டவாளத்தின் தலைப்பகுதியைத் துடையுங்கள். தீப்பற்றும் சரக்கு, அடுப்புப் பக்கம் கூடாது, பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. நன்றாக உலர்ந்த பிறகே கரண்ட். உப்புக் காகிதம் போட்டுத் தேய்க்காதீர்கள். கீறல் விழும், கீறலில் அழுக்கு இன்னும் சுகமாகக் குடியேறும்!

ஒரு பலகை, நாலு சக்கரம், ஒன்றரை மணி நேரம், வீட்டாரின் சம்மதம். இவ்வளவும் இருந்தால் பரணுக்குப் போக வேண்டிய ரயில் வருஷக் கணக்கில் ஓடும். மாமா அடுத்த லீவுக்கு வரும்போது, "அந்த ரயில் எங்கேடா?" என்று கேட்டால் பையன் திருதிருவென்று விழிக்க வேண்டாம். கட்டிலுக்கு அடியிலிருந்து கம்பீரமாக இழுத்துக் காட்டலாம்!