நரம்புக்கும் ஒரு போர்ட் உண்டு

பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றால் முதலில் பவரைப் பார்ப்போம், பிறகு கேபிளைப் பார்ப்போம். இரண்டும் சரி, கம்ப்யூட்டரும் சரி என்றால், கேபிள் செருகும் போர்ட்டின் மீது சந்தேகம் போகும். மூளையின் கட்டளை தசைக்குப் போய்ச் சேரும் இடத்திலும் இப்படி ஒரு போர்ட் இருக்கிறது. நான் குடியிருக்கும் பம்மல் பக்கம் மழைக்காலத்தில் காலி மனைகளில் புதர் மண்டினால் பாம்பு பயமும் வந்துவிடும். நல்ல பாம்பு, கட்டுவிரியன் இரண்டின் விஷமும் தாக்குவது இந்த போர்ட்டைத்தான். எப்படி என்று பார்க்கலாம்.

சிக்னல் போகும் வழி

நரம்பு செல்லில் இருந்து நீளும் ஆக்ஸான் என்ற இழைதான் கேபிள். முதுகுத் தண்டில் இருந்து பாதம் வரை போகும் ஆக்ஸான் சுமார் ஒரு மீட்டர் நீளம் இருக்கும். இதில் போவது மின் சிக்னல். வந்தால் முழுதாக வரும், இல்லாவிட்டால் வரவே வராது. கம்ப்யூட்டரின் 1, 0 போல.

ஆனால் ஆக்ஸானின் முனை தசையைத் தொடுவதில்லை. நடுவே ஓர் இடைவெளி. ஒரு மில்லிமீட்டரை 20 ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான். இந்தச் சந்திப்பின் பெயர் சினாப்ஸ். இங்கே மின் சிக்னல் நேராகத் தாண்டிப் போவதில்லை. சிக்னல் வந்ததும் முனைக்குள் கால்சியம் நுழைகிறது. உடனே அங்குள்ள நுண்ணிய பைகள், அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை இடைவெளியில் கொட்டுகின்றன. தசையில் உள்ள ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொள்ள, தசை சுருங்குகிறது. பிறகு ஓர் என்சைம் அந்த ரசாயனத்தைச் சிதைத்து, அடுத்த சிக்னலுக்கு இடத்தைக் காலி செய்கிறது.

நரம்பு ரசாயனத்தின் மூலம் பேசுகிறது என்பதை 1921-ல் தவளையின் இதயத்தை வைத்துக் காட்டியவர் ஓட்டோ லோவி. ஹென்றி டேலுடன் சேர்ந்து 1936-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு வகைத் தாக்குதல்

நல்ல பாம்பின் விஷம் தசைப் பக்கத்து ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. நரம்பு சிக்னலை அனுப்புகிறது, ஆனால் வாங்கிக்கொள்ள ஆளில்லை. கட்டுவிரியனின் விஷம் முக்கியமாக அனுப்பும் பக்கத்தைத் தாக்குகிறது. ஆக்ஸான் முனையில் உள்ள பைகள் தீர்ந்துபோய், முனையே சிதைந்துவிடுகிறது. முதலில் கண் இமை தொங்கும், விழுங்க முடியாது. பிறகு மூச்சு விட உதவும் தசைகளும் நின்றுபோகலாம். மூளையும் கேபிளும் நன்றாக இருக்கும்போதே இது நடக்கிறது.

ஆன்டிவைரஸ் போல

விஷமுறிவு மருந்தை ஆன்டிவைரஸ் புரோகிராமோடு ஒப்பிடலாம். சுற்றிக்கொண்டிருக்கும் வைரஸை அது பிடிக்கும். ஏற்கெனவே அழிந்துபோன ஃபைலைத் திருப்பித் தராது. மருந்தும் ரத்தத்தில் ஓடும் விஷத்தைப் பிடிக்கும். கட்டுவிரியன் சிதைத்த நரம்பு முனையைச் சரிசெய்யாது. அந்த முனைகள் மறுபடி வளர நாட்கள், சமயத்தில் வாரங்கள் ஆகும். அதுவரை வென்டிலேட்டர்தான் யு.பி.எஸ். போல உயிரைத் தாங்கி நிற்கிறது. அதனால்தான் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

இந்த மருந்துக்கு வேண்டிய விஷம் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்புகளைப் பிடித்து விஷம் எடுத்து, மருந்து நிறுவனங்களுக்குத் தருகிறது. அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் இருந்து மருந்து தயாரிக்கிறார்கள். பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நினைவில் வையுங்கள்

கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலியோ வீக்கமோ அதிகம் இருக்காது. கடித்த தடமே தெரியாமலும் போகலாம். வலிக்கவில்லையே என்று விடியும் வரை காத்திருக்காதீர்கள். கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.